வாளை விற்ற வீரன்

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணியின் இருமல் நின்றதா? இரும்புச் சாமான் கடையில் இப்போது கூட்டம் உண்டா?

கடிதத்தோடு ஒரு பெட்டி வந்திருக்கும். பார்த்துவிட்டு எடை மெஷின் என்று நினைத்துக் கடைக்குக் கொண்டுபோய்விடாதே. அதை டி.வி.யில் சொருகினால், நாங்கள் நான்கு வருடமாகச் செய்துகொண்டிருக்கும் ஆட்டம் வரும். பெயர் 'ஒன்பதாம் மலை'. ஒரு பெரிய நாடு. காடு, ஆறு, ஊர்கள், ஒன்பது மலைகள். கடைசி மலையில் ஒரு டிராகன். நீதான் வீரன். எங்கே வேண்டுமானாலும் போகலாம், எது வேண்டுமானாலும் செய்யலாம், முடிவில் டிராகனைக் கொல்ல வேண்டும்.

இதுவரை அறுபத்துமூன்று பேர் ஆடிப் பார்த்துவிட்டார்கள். எல்லாரும் பிறந்ததிலிருந்தே ஆட்டம் ஆடுகிறவர்கள், எல்லாரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். "ஆட்டமே ஆடாத, வாயை அடக்கத் தெரியாத ஒரு ஆள் வேணும்" என்றார் எங்கள் மேலாளர் (ஆறேகால் அடி; நாங்கள் வைத்த பெயர் நெட்டை). எனக்கு ஒரே ஒருவர் முகம்தான் ஞாபகம் வந்தது.

விஷயம் சாதாரணமில்லை அண்ணா. இங்கே நான்கு பிரிவுகள்: சண்டை, நிலம், கதை, ஊர். ஒவ்வொன்றிலும் ஆறு பேர். நவம்பரில் வெளியிட வேண்டும், நான்கையும் முடிக்க நாள் போதாது. ஜூன் முப்பதாம் தேதி ஒரு பிரிவை மூடப் போகிறார்கள். அந்த வேலை அரைகுறையாக அப்படியே நிற்கும், அந்த ஆறு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நான் ஒரு பிரிவுக்குத் தலைமை. எது என்று சொல்ல மாட்டேன். சொன்னால் உன் தராசு ஒரு மயிரிழை என் பக்கம் சாயும்.

ஒரு விதி உண்டு. வெளிவராத ஆட்டத்தைப் பற்றி ஃபோனிலோ மெயிலிலோ மூச்சு விடக் கூடாது. கைப்படக் காகிதத்தில்தான் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் ஒதுக்கு, போதும்.

உன் தங்கை

---

மார்ச் 19

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லாரும் நலம். குறிப்பாக நான் மிக மிக நலம், அதைப் பற்றி நீ கேட்கவே வேண்டாம். அண்ணியின் இருமல் நின்றுவிட்டது. பேச்சு நிற்கவில்லை.

முதல் நாள் உன் வீரன் ஒரு சுவரைப் பார்த்து நின்றபடி குதித்துக்கொண்டே இருந்தான். எனக்கு வேறு எந்தப் பட்டனும் தெரியவில்லை. அண்ணி எட்டிப் பார்த்து, "என்னங்க, உங்க ஆளை எறும்பு கடிச்சிருச்சா?" என்றாள். மூன்றாம் நாள் நடந்தான். ஐந்தாம் நாள் ஓடினான். இப்போது என் பேச்சைக் கேட்கிறான், கடை ஆட்களை விடப் பரவாயில்லை.

நல்லதை முதலில் சொல்கிறேன். நான் சரக்கு எடுக்கப் போனால் மூட்டையின் மேலே இருப்பதைப் பார்க்க மாட்டேன், அடியில் கைவிட்டுப் பார்ப்பேன். தூரத்தில் நீலமாக ஒரு மலை தெரிந்தது. இது வெறும் படம்தான், கிட்டே போனால் சுவர் இடிக்கும் என்று நினைத்து நாற்பது நிமிடம் நடந்தேன். இடிக்கவில்லை. மலை இருந்தது. ஏறினேன். மேலே நான்கு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. யாருமே வராத இடத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்து ஆடு வைத்திருக்கிறார். அந்த ஆளுக்கு என் மரியாதையைச் சொல். மழை வேறு! தகரக் கூரையில் ஒரு சத்தம், ஓலையில் ஒரு சத்தம். மழை கேட்கவே ஒரு நாள் முழுக்க நின்றேன்.

குறை: பை. பதினொரு இரும்புக் கவசத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன், பன்னிரண்டாவதாக ஓர் ஆப்பிளை எடுத்ததும் காலை அசைக்க முடியாமல் நிற்கிறான். ஆப்பிளுக்கு அவ்வளவு எடையா?

இன்னொரு சந்தோஷச் செய்தி. ஆரம்பத்திலேயே ஒரு தாடிக்காரர் வந்து "இது உன் குலத்தின் வாள்" என்று ஒரு பழைய இரும்பைக் கொடுத்துவிட்டுச் செத்துப்போனார். முதல் ஊரிலேயே ஒரு கொல்லன். முந்நூறு பொன்னுக்கு அதை அவன் தலையில் கட்டிவிட்டேன்! அந்தக் காசில் ஒரு குதிரை, இரண்டு சேணப்பை. இப்போது மலை ஊர்களில் தோல் வாங்கித் துறைமுகத்தில் விற்கிறேன். இன்னும் லாபம் வரவில்லை, ஏனென்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்

---

மார்ச் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? நீ "மிக மிக நலம்" என்று எழுதியதைப் படித்து எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. உனக்கு எப்போதும் ஒரு "நலம்" போதுமே.

வாளை விற்றுவிட்டாயா! கடிதத்தை எங்கள் கூட்டத்தில் படித்தேன். அறுபத்துமூன்று பேர் ஆடினார்கள், ஒருவருக்கும் அதை விற்கத் தோன்றவில்லை. அதனால் விற்க முடியும் என்பதே எங்களுக்குத் தெரியாது. நெட்டை நாற்காலியிலிருந்து எழுந்து, "கதாநாயகன் வாளை வித்துட்டுத் தோல் வியாபாரம் பண்றாரா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

மேற்கொண்டு என்ன ஆகும் என்று நான் சொல்லக் கூடாது. நீயே போய்ப் பார். ஆடு வைத்தவரிடம் உன் மரியாதையைச் சொன்னேன். அவர் அன்று முழுக்க யாரிடமும் சண்டை போடவில்லை.

ஊர்கள் எப்படி இருக்கின்றன? அதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லையே.

அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை

---

ஏப்ரல் 15

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

ஊர்களைப் பற்றிக் கேட்டாய். ஒளித்து வைக்க எனக்குத் தெரியாது. உங்கள் ஆட்டத்தில் காடு உயிரோடு இருக்கிறது, ஊர் செத்துக் கிடக்கிறது.

லாபம் ஏன் வரவில்லை என்று கண்டுபிடித்துவிட்டேன். மலையிலும் தோல் அதே விலை, துறைமுகத்திலும் அதே விலை. அப்படியானால் மனிதன் எதற்கு மலை ஏறி இறங்க வேண்டும்? கடைக்காரர்கள் காலையும் மாலையும் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். உட்காருவதில்லை, கொட்டாவி விடுவதில்லை. எதைக் கொடுத்தாலும் வாங்குகிறார்கள். பரீட்சைக்காகக் கொல்லனிடம் நாற்பது மீன் விற்றேன். ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிக்கொண்டான்! கொல்லன் நாற்பது மீனை வைத்து என்ன செய்வான்?

கிணற்றடியில் ஒருவர் நிற்பார். எப்போது போனாலும், "இன்னைக்குக் காத்து நல்லா இருக்கு" என்பார். பதினொரு நாள் கேட்டேன். பன்னிரண்டாம் நாள் டிராகன் வந்து பாதித் தெருவை எரித்துவிட்டுப் போனது. அவர் தலைக்குப் பின்னால் கூரை எரிகிறது. "இன்னைக்குக் காத்து நல்லா இருக்கு" என்கிறார்.

எட்டாம் மலையில் ஒரு கதவு, குலவாள் இருந்தால்தான் திறக்குமாம். அவ்வளவு தூரம் திரும்பி வந்து கொல்லனிடம் கேட்டால், வாளும் இல்லை, பதிலும் இல்லை. விற்கவும் விட்டீர்கள், வாங்கவும் வழி வைக்கவில்லை.

சண்டை நன்றாக இருக்கிறது, வாள் வீச்சில் ஒரு பாரம் தெரிகிறது. நிலத்துக்கு நூற்றுக்கு நூறு. கதை சுமார், ஆனால் நகர்கிறது. ஒரு பிரிவை மூடித்தான் ஆக வேண்டுமென்றால் ஊர்ப் பிரிவை மூடுங்கள். மூடினால் யாருக்கும் வித்தியாசமே தெரியாது. இது என் தீர்ப்பு.

அண்ணன்

---

மே 20

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று வாய்விட்டே கேட்கிறேன், ஐந்து வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. ஃபோன் செய்தால் அண்ணியின் இருமலைப் பற்றியே பேசுகிறாய். நின்றுபோன இருமலைப் பற்றி ஒருத்தி இவ்வளவு பேசினால் எனக்குப் புரியாதா?

ஊர்ப் பிரிவு உன்னுடையது.

எழுதியதைத் திரும்ப வாங்க மாட்டேன். வாங்கினால் அந்த ஆடுகளைப் பற்றி எழுதியதும் பொய்யாகிவிடும். ஆனால் சரக்கு மட்டம் என்று சொல்லிவிட்டுப் போகிறவன் பாதி வியாபாரி. நல்ல சரக்கு எப்படி இருக்கும் என்றும் சொல்ல வேண்டும். அதை நான் சொல்லாமல் விட்டது தப்பு.

என் தெருவை எடுத்துக்கொள். எதிர்க்கடைக் கண்ணாடிக்காரர் ஒரு மணிக்குக் கதவைச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார், கதவுக்கு வெளியே ராஜாவே நின்றாலும் அப்படித்தான். தையல்காரரும் கடிகாரக்காரரும் பேசிக்கொள்வதில்லை, ஆனால் ஒருவர் என்ன வாங்கினார் என்று மற்றவருக்குத் தெரியும். என்னிடம் ஏணி இரவல் வாங்கியவர் அதைத் தராமல் இன்னொருவருக்கு இரவல் கொடுப்பார். நான் போன வருடம் விற்ற ஒரு கீல் இப்போது எந்தக் கதவில் இருக்கிறது என்று கேட்டால், நான்கு பேரை விசாரித்துச் சொல்லிவிடுவேன். ஊர் என்றால் அதுதான். பொருள் கை மாறும், கை மாறியது நாலு பேருக்குத் தெரிந்திருக்கும்.

சரி, என் வாள் எங்கே? கொல்லன் அதை யாருக்கோ விற்றிருப்பான். அந்த ஆள் அதை அடுத்தவருக்குக் கொடுத்திருப்பார். என்னை விசாரிக்க விடுங்கள். ஒருவர் பொய் சொல்லட்டும், ஒருவர் மறந்துபோகட்டும், ஒருவர் கடையைச் சாத்திவிட்டு "நாளைக்கு வாங்க" என்று சொல்லட்டும். டிராகனை விட்டுவிட்டு ஒரு வருடம் அந்த ஊர்களிலேயே சுற்றுவேன்.

கோபம் ஆறியதும் எழுது. ஆறாவிட்டாலும் எழுது.

அண்ணன்

பி.கு. — நான் அண்ணி எழுதுகிறேன். உங்கண்ணன் தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தார், நடுவில் இதைச் சேர்க்கிறேன். அவர் உன்னிடம் ஒரு விஷயம் மறைக்கிறார். சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார், அதனால் நான் சொல்லவில்லை. நீயே கண்டுபிடி, கெட்டிக்காரிதானே.

---

ஜூன் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம் என்று நீ எழுதுவதை இனி நான் நம்புவதாக இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

உன் ஏப்ரல் கடிதத்தை நெட்டை கூட்டத்தில் சத்தமாகப் படித்தார். கிணற்றடிக்காரர் வந்ததும் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வரியை எழுதியது நான். நானூறு பேருக்கு வசனம் எழுத எனக்கு மூன்று வாரம் கொடுத்தார்கள், அவருடைய முறை வந்தபோது ஜன்னல் வழியே நல்ல காற்று வந்தது. அவ்வளவுதான். கடைசிப் பக்கம் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. ஊர்ப் பிரிவை மூடுவது என்று அன்றே முடிவானது மாதிரிதான். உன் மேல் கோபமில்லை. சரியாகச் சொல்லிவிட்டாயே என்றுதான் கோபம்.

பிறகு மே கடிதம் வந்தது. அதை எங்கள் அறைச் சுவரில் ஒட்டினேன். ஆறு பேரும் ஒன்பது நாள் அதே வேலையாக இருந்து ஒரே ஒரு ஊரைச் செய்தோம். உன் வாள் அங்கே மூன்று கை மாறுகிறது. நெட்டைக்கு அது பிடித்துவிட்டது. ஆனால் அவர் சொல்வது வேறு: "யோசனை பிரமாதம். ஆளுங்க எதுக்கு? வாள் எங்க இருக்குன்னு செவுத்துல ஒரு சீட்டு ஒட்டிட்டாப் போதும், கதைப் பிரிவே பண்ணிரும்." உன் யோசனையைப் பயன்படுத்த உன் சம்மதம் வேண்டும் என்பது நிறுவன விதி. படிவத்தை உனக்கு நேராக அனுப்பியிருக்கிறார்.

இப்போது உன் விஷயம். அந்தப் பெட்டி, யார் எப்போது ஆடினார்கள் என்று தானே குறித்து எங்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். உன்னிடம் சொல்ல மறந்துவிட்டேன். நேற்று எடுத்துப் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம்! திங்கட்கிழமை காலை பத்தேமுக்காலுக்குக் கடையில் இருக்க வேண்டியவன் குதிரையில் ஆற்றைக் கடந்திருக்கிறாய். பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காராத மனிதன் நீ. உனக்கு என்ன ஆயிற்று? மறைக்காமல் எழுது. இல்லாவிட்டால் வேலையைப் போட்டுவிட்டு அடுத்த ரயிலில் வந்து நிற்பேன்.

உன் தங்கை

---

ஜூன் 9

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். இந்தத் தடவை நிஜம்.

பிப்ரவரியில் கிடங்கில் கீல் பெட்டி எடுக்க ஏணியில் ஏறினேன். பெட்டி கீழே வந்தது, நானும் வந்தேன். வலது கால் இரண்டு இடத்தில் உடைந்தது. மூன்று மாதம் மாவுக்கட்டு. இப்போது கட்டைப் பிரித்துவிட்டார்கள், கம்பை ஊன்றி வாசல் வரை நடக்கிறேன். சொல்லியிருந்தால் நீ ஓடி வந்திருப்பாய், உன் பிரிவுக்கு ஆள் இல்லாமல் போயிருக்கும். உன் பெட்டி வந்தபோது நான் மாவுக்கட்டோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மலை ஏறியபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே யோசித்துக்கொள்.

கடையை அண்ணி பார்க்கிறாள். என்னை விட நன்றாகவே நடக்கிறது. கால் வலியை விட அதுதான் வலி.

படிவம் வந்தது. கையெழுத்துப் போடவில்லை. சீட்டு ஒட்டுகிற யோசனை என்னுடையது இல்லை. நான் சொன்னது ஆளை. ஆளை அனுப்பிவிட்டுச் சீட்டை ஒட்டுவதற்கு என் பெயர் எதற்கு? இதையே நெட்டைக்கும் எழுதிவிட்டேன்.

அண்ணன்

---

ஜூன் 15

அண்ணா,

காலை முறித்துக்கொண்டு "மிக மிக நலம்" என்று எழுதியதற்கு உன்னோடு தனியாகச் சண்டை இருக்கிறது. அண்ணியிடம் ஃபோனில் பேசிவிட்டேன், மருத்துவர் சொன்னது அத்தனையும் இப்போது எனக்கு மனப்பாடம். கம்பில்லாமல் நடந்து காட்டுகிற வீரமெல்லாம் வேண்டாம்.

தயவுசெய்து படிவத்தில் கையெழுத்துப் போடு. எதற்கு உன்னிடம் பிரிவின் பெயரைச் சொல்லாமல் இருந்தேன்? இப்போது இங்கே எல்லாரும் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? "தங்கச்சிக்காக அண்ணன் கம்பெனியை மடக்கிப் பிடிக்கிறார்" என்கிறார்கள். என் ஊர் தன் காலில் நின்றால் நிற்கட்டும். உன் தயவில் அது நிற்க வேண்டாம். முப்பதாம் தேதிக்கு இன்னும் பதினைந்து நாள்தான்.

உன் தங்கை

---

ஜூன் 24

அன்புத் தங்கைக்கு,

நலம். நேற்று கம்பில்லாமல் ஆறு அடி நடந்தேன். அண்ணி திட்டினாள். உன் பங்குக்குத் திட்ட வேண்டாம், அவளே போதும்.

சனிக்கிழமை உன் நெட்டை நேரில் வந்தார். நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார்.

"ஒரு கையெழுத்துக்கு ஏழு மணி நேரம் ரயில்ல வந்திருக்கேன் சார்."

"ஃபோன்லயே கேட்டிருக்கலாமே."

"ஃபோன்ல இதைப் பத்திப் பேசக் கூடாதுன்னு விதி சார்."

"யாரு போட்ட விதி?"

"நான்தான்" என்று தலையைத் தடவிக்கொண்டார்.

ஆள் நல்ல ஆள். "தங்கச்சிக்காகத்தானே சார் பிடிவாதம் பிடிக்கறீங்க?" என்று நேராகவே கேட்டார்.

"அவளுக்கு வேற வேலை கிடைக்கும். கிடைக்கலைன்னா என் கடைக்கு வருவா. அப்புறம் நான்தான் வேலை தேடணும்" என்றேன்.

பிறகு சொன்னேன்: "மூணு வருஷத்துக்கு முன்னாடி மீன் மாதிரி ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் வித்தேன். அப்படி ஒண்ணு எனக்கு மறுபடி வரவே இல்லை. வாங்கினவர் இந்தத் தெருக்காரர், அவ்வளவுதான் ஞாபகம். இப்ப அது எந்தக் கதவுல இருக்குன்னு கண்டுபிடிச்சுட்டு வாங்க, கையெழுத்துப் போடறேன்."

"எங்கயாவது எழுதி ஒட்டியிருக்குமா சார்?"

"இல்லை. ஆளுங்கதான் இருப்பாங்க."

பத்து மணிக்குப் போனவர் ஒன்றரைக்கு வந்தார். சட்டையெல்லாம் வியர்வை. நான்கு டீ குடித்திருந்தார். தையல்காரரிடம் கேட்டிருக்கிறார். அவர் "எனக்கென்ன தெரியும், அந்தக் கடிகாரக்காரனைக் கேளுங்க" என்றிருக்கிறார். கடிகாரக்காரர் தாழ்ப்பாளைத் தானே வாங்கியதாக ஒத்துக்கொண்டார், ஆனால் கதவோடு ஃபோட்டோ ஸ்டூடியோவுக்கு விற்றுவிட்டாராம். ஸ்டூடியோக்காரர் அப்படி ஒரு கதவே இல்லை என்று சாதித்திருக்கிறார். அவர் மனைவி உள்ளேயிருந்து, "எங்க அக்கா வீட்டுக்குக் கொடுத்தோமே, மறந்துட்டீங்களா?" என்றிருக்கிறார். அக்கா வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரம்மா டீ கொடுத்து உட்காரவைத்து, அக்காவின் மருமகள் வரை எல்லாம் சொல்லியிருக்கிறார். கடைசியில் அக்கா வந்து வீட்டைத் திறந்தபோது, மாடிக் கதவில், வெள்ளை பெயின்ட் அடித்து, மீன் இருப்பதே தெரியாமல் இருந்ததாம். நகத்தால் சுரண்டிப் பார்த்திருக்கிறார் உன் நெட்டை. பித்தளை!

அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மூச்சு வாங்க உட்கார்ந்து, என்னிடம் கேட்கிறார்: "அந்தத் தையல்காரரும் கடிகாரக்காரரும் ஏன் பேசிக்கறதில்லைன்னு தெரியுமா சார்?" இருபத்தாறு வருடமாக நான் இந்தத் தெருவில் இருக்கிறேன், எனக்குத் தெரியாது. அவர் சொன்னார். அதைக் காகிதத்தில் எழுத முடியாது, நேரில் வா.

படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். உன் பிரிவைப் பற்றி ஒரு வார்த்தையும் நான் கேட்கவில்லை. அவர் காகிதத்தை மடிக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

"செவுத்துல சீட்டு ஒட்டினாப் போதும்னு சொன்னது நான்தான் சார்."

"தெரியும்" என்றேன்.

போகும்போதும் நிலைப்படியில் இடித்துக்கொண்டார்.

அண்ணன்

---

ஜூலை 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

எட்டு அடி நடந்தாயாமே, அண்ணி சொன்னார். நான் நலம். இந்த வாரம் நன்றாகத் தூங்கினேன்.

முப்பதாம் தேதிக் கூட்டத்தில் நெட்டை ஆட்டத்தைப் பற்றி ஆரம்பிக்கவே இல்லை. அரை மணி நேரம் தாழ்ப்பாள் கதைதான். ஸ்டூடியோக்காரர் மனைவி மாதிரி குரல் மாற்றிப் பேசிக் காட்டினார். பிறகு, "எனக்கு இந்த மூணரை மணி நேரம் ஆட்டத்துக்குள்ள வேணும்" என்றார். எந்தப் பிரிவும் மூடவில்லை. வெளியீடு ஜனவரிக்குத் தள்ளிப்போகிறது. டிராகன் பறக்கும் காட்சிகளில் பாதியை வெட்டிவிட்டார்கள். சண்டைப் பிரிவு என்னோடு இப்போதைக்குப் பேசுவதில்லை.

எங்கள் அறையில் ஆறு நாற்காலியும் அப்படியே இருக்கின்றன. நாங்கள் ஆறு பேரும் அன்று ஒன்றும் கொண்டாடவில்லை, வேலை அவ்வளவு இருக்கிறது. கொல்லன் இனி மீன் வாங்க மாட்டான். ஒரு மீனை நீட்டினாலே திட்டுகிறான். திட்டை எழுதியது நான், பதினான்கு விதமாக.

என் ஊர் உன் தயவில் நிற்க வேண்டாம் என்று எழுதியிருந்தேன். நிற்கவில்லை. அதற்கு நன்றி அண்ணா.

உன் தங்கை

---

ஜனவரி 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

கால் எப்படி? முழுநாளும் கடைக்குப் போகிறாயாமே. அண்ணி கல்லாவை விட்டுக் கொடுத்தாரா?

ஆட்டம் வெளிவந்து பத்து நாள். இனி எங்கே வேண்டுமானாலும் பேசலாம், ஆனாலும் உனக்குக் கடிதம்தான் எழுதத் தோன்றுகிறது.

முதல் நாள் ஆறு பேரும் ஒரு திரை முன்னால் உட்கார்ந்திருந்தோம். எத்தனை பேர் வாளை விற்பார்கள் என்று பந்தயம். நெட்டை, "நூறு பேர் வித்தா அதிகம்" என்றார். சாயங்காலத்துக்குள் பதினோராயிரம் பேர் விற்றுவிட்டார்கள்! அதில் முக்கால்வாசிப் பேர் அதற்கப்புறம் டிராகன் பக்கமே போகவில்லை. ஊர் ஊராக விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லாரும் புகழவில்லை. பை இன்னமும் அப்படியேதான் இருக்கிறது என்று திட்டுகிறார்கள், எட்டாம் மலையில் குதிரை பாறைக்குள் புகுந்து காணாமல் போகிறதாம், டிராகன் போதவில்லையாம். ஒருவர் எழுதியிருந்தார்: "உலகத்தைக் காப்பாத்த வந்தேன், மூணு நாளா ஒரு மாவு மில்காரர்கிட்ட மாட்டிக்கிட்டேன்." அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து மாட்டியிருக்கிறோம்.

உனக்கு அனுப்பிய புதுப் பெட்டியில் ஆடினாயா? இதில் மொத்தக் கணக்கு மட்டும்தான் எங்களுக்கு வரும், யார் எப்போது ஆடுகிறார்கள் என்று தெரியாது. எழுது.

உன் தங்கை

---

பிப்ரவரி 9

அன்புத் தங்கைக்கு,

கால் நலம். கல்லாவில் எனக்குக் காலை மட்டும், மாலை அண்ணிக்கு. அப்படிப் பேசி முடித்திருக்கிறோம்.

ஆடினேன். எடுத்த எடுப்பிலேயே வாளை விற்றேன். விற்காமல் இருக்க முடியவில்லை. பிறகு விசாரித்தேன். கொல்லன் ஒரு காவலாளியைக் கைகாட்டினான், காவலாளி பொய் சொன்னான், மாவு மில்காரர் என்னைப் பாதி நாள் உட்காரவைத்தார். ஒன்பதாம் நாள் கண்டுபிடித்தேன். ஆற்றங்கரையில் ஒரு படகுக்காரி. குலவாளை வைத்துக் கயிறு அறுத்துக்கொண்டிருக்கிறாள்!

முந்நூறு பொன் என்றேன். சிரித்தாள். அறுநூறு என்றேன். "உங்க வாள்தான்னா ஏன் வித்தீங்க?" என்றாள். குதிரையைத் தருகிறேன் என்றேன். "குதிரையை வெச்சு நான் கயிறு அறுக்கவா?" என்றாள். அந்த வாயை எழுதியது நீதான் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அப்போது அது ஞாபகம் வரவில்லை பார். இருபத்தேழு வருட வியாபாரத்தில் என்னை ஒருவரும் இப்படி வெறுங்கையோடு அனுப்பியதில்லை. ஆட்டத்து ரிமோட்டை மேஜையில் போட்டுவிட்டுக் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தேன்.

அண்ணி கேட்டாள்: "யார் மேலங்க கோபம்?"

"ஆத்தங்கரைல ஒருத்தி" என்றேன்.

"அவ என்ன பண்ணா?"

சொன்னேன். அண்ணி முழுவதும் கேட்டாள். பிறகு என்ன சொன்னாள் தெரியுமா? "அவ சொல்றது சரிதானே."

அவளை எப்படி மடக்குவது என்று நீ எனக்கு எழுதாதே. எழுதினால் கடிதத்தைப் பிரிக்க மாட்டேன். நாளைக்குக் காலை கல்லாவை அண்ணியிடமே கொடுத்துவிட்டு மறுபடி ஆற்றங்கரைக்குப் போகிறேன். டிராகனிடம் சொல், வர நாளாகும்.

கோபத்தோடும் அன்போடும்,
அண்ணன்